வாயால் பேசாத நாலு வருஷம்

காரோடு
6.5.2025

சுந்தரா,

இங்கே நானும் உன் அத்தானும் சுகம். உன் வீட்டிலும் சுகக்கேடு ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நாலு வருஷம் முன்னால் அம்மா இறந்த அன்று, முற்றத்தில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், "இனி உன்கிட்ட எனக்க வாயால ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். எழுதமாட்டேன் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் உன்னை ப்ளாக் செய்து வைத்திருக்கிறேன், அதை எடுக்கிற உத்தேசம் இல்லை. ஆரியங்கோட்டுக்குத் தபால் இரண்டு நாளில் வந்துவிடும், அது போதும்.

உன் மகள் நீதுவிடம் நீ கொடுத்தனுப்பிய வைத்திய ஆசானின் எண்ணெயைத் திருப்பி அனுப்புகிறேன். மூடி திறக்கவில்லை. என் வலது காதுக்குக் கீழே கட்டியாக வந்திருக்கும் முழையைப் பற்றி உனக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியாத வாய் எது? சொன்னது பக்கத்து வீட்டு விஜயம்மாவாக இருக்கும். பிள்ளைகளுக்கு வருகிற பொன்னுக்குவீங்கிதான் இது, கழுத்தில் பொன் போட்டால் வற்றிவிடும் என்று தன் சங்கிலியைக் கொண்டுவந்து மாட்டியவளும் அவள்தான். ஐம்பத்தொரு வயசில் பொன்னுக்குவீங்கி. பன்னிரண்டு நாள் போட்டுக்கொண்டு திரிந்தேன். சங்கிலி நன்றாகத்தான் இருந்தது. முழை அப்படியே இருக்கிறது.

வலி இல்லை. நெல்லிக்காய் அளவு உண்டு. வந்து இரண்டு வருஷம் இருக்கும். நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரைப் பார்க்கப் போகிறேன். நீ வரவேண்டாம்.

இப்படிக்கு
ஓமனக்குட்டி

*

ஆரியங்கோடு
14.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மழை முந்தி வந்துவிட்டதால் ரப்பர் வெட்டு நாலு நாளாக இல்லை. உங்கள் கடிதம் வந்தது. தபால்காரர் கையிலிருந்து வாங்கி, வாசலில் நின்றே மூன்று தடவை படித்தேன். திட்டியிருந்தாலும் உங்கள் கையெழுத்து. சந்தோஷம்.

டாக்டரைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கத்தி வைக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். நான் இருபத்தைந்து வருஷமாகப் பால்வெட்டுக் கத்தி பிடிக்கிறவன். தோலை மட்டும் சீவினால் மரம் பால் தரும். நூல் அளவு ஆழம் கூடி உள்மரத்தில் பட்டால் அந்த இடம் முண்டு முண்டாக வீங்கிப்போகும், பிறகு அந்தப் பக்கம் வெட்டவே முடியாது. கத்தி பட்டால் பரவும் என்று நம்மவர்கள் சொல்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், மரத்தில்.

எண்ணெயை மறுபடியும் அனுப்பட்டுமா? ஆசான் தடவிக் கரைத்துத் தருவதாகச் சொல்கிறார். அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி
சுந்தரன்

*

காரோடு
2.6.2025

சுந்தரா,

உடம்புக்குக் குறைவில்லை. உன் அத்தான் சுகம், ஜீப்புக்குத்தான் கிளட்ச் சரியில்லை.

நான் மரம் இல்லை.

அதைத் தடவக்கூடாதாம். தடவினால் கரையாது, கெடுதல்தான். எண்ணெயை ஆசானுக்கே தேய்த்துவிடு. நெய்யாற்றின்கரை டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார், அதைப் பார்த்துவிட்டு மெடிக்கல் காலேஜுக்கு எழுதிக் கொடுத்தார். நீது லேபில் வேலை பார்க்கிறவள் ஆனதால் அவளையே கூட்டிக்கொண்டு போனேன். அங்கே டாக்டர் நந்தனா என்று ஒருத்தி. நம் நீதுவைவிடப் பத்து வயசு கூட இருக்கலாம், அவ்வளவுதான். ஊசி குத்திக் கொஞ்சம் உறிஞ்சியெடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்தார்கள். கொசு கடித்த மாதிரிதான். ஊசி குத்தினால் பரவும் என்று பஸ்ஸில் ஒருத்தி சொன்னாள். நீ பரப்புவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று பதில் சொல்லிவிட்டேன்.

வாயில் ஊறுகிற உமிழ்நீர் காதடியிலிருந்தும் வருகிறது என்று உனக்குத் தெரியுமா? புளியை நினைத்தால் ஊறுவது நாக்கிலிருந்து என்றே நினைத்திருந்தேன். காதுக்கு முன்னும் கீழுமாக ஒரு சுரப்பி உண்டு. அதில்தான் இந்தக் கட்டி. ரிசல்ட் வந்துவிட்டது, புற்று இல்லை. ஆனால் விட்டுவைத்தால் வருஷம் ஏற ஏற வளரும், பிற்காலத்தில் புற்றாக மாறவும் கூடும், எடுத்துவிடுவதுதான் நல்லது என்கிறாள். எடுக்கப் போகிறேன். ஆகஸ்டில் தேதி தருவார்கள்.

வேறு விசேஷம் இல்லை.

ஓமனக்குட்டி

*

ஆரியங்கோடு
10.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். புற்று இல்லை என்று படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். மேல்புறத்து அம்மன் கோவிலில் போய்த் தொழுதுவிட்டுத்தான் சோறு உண்டேன்.

ஆனால் வேறு விசேஷம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உண்டு. நீதுவை நான் அதட்டிக் கேட்டேன், அவள் மேல் கோபப்படவேண்டாம். முகத்தை அசைக்கிற நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளே ஓடுகிறதாமே. ஆப்பரேஷனில் அது சோர்ந்தால் உதடு கோணிப்போகும் என்று டாக்டர் சொன்னாராமே. நீங்கள் அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, ஒன்றும் பேசாமல் கிழக்கேகோட்டை வரை பஸ்ஸில் வந்தீர்களாம். நீங்கள் ஒன்றும் பேசாமல் வந்தீர்கள் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் இங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். மரப்பு ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, கட்டியை மட்டும் தோண்டி எடுத்துவிடலாமாம். அரை மணி நேரம். நரம்பின் பக்கமே போகவேண்டாமாம். அன்றைக்கே வீட்டுக்கு வரலாம்.

அதுவும் வேண்டாம் என்றால் கட்டி இருந்துவிட்டுப் போகட்டும். இல்லையென்றால் பெரிய ஆப்பரேஷனே செய்யுங்கள், ஆனால் அதற்குப் பிறகு அறிவிப்பு மைக்கை விட்டுவிடுங்கள். இத்தனை வருஷம் ஜீப்பில் உட்கார்ந்து வெயிலும் மழையும் கொண்டு கத்தியது போதாதா? மைக் இல்லாமலும் இருக்கலாமே அக்கா.

உங்கள் தம்பி
சுந்தரன்

*

காரோடு
20.6.2025

சுந்தரா,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் உன் வீட்டில் எல்லாரும் சுகமாக இருங்கள்.

உன் கையிலிருந்து பால்வெட்டுக் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, ரப்பர் இல்லாமலும் இருக்கலாமே என்று நான் சொன்னால் உனக்கு எப்படி இருக்கும்? பாறசாலையிலிருந்து பொழியூர் வரை, தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறி விளித்துச் சொல்ல என்னைவிட்டால் யார் உண்டு? திருவிழா, தேர்தல், தண்ணீர் வராத அறிவிப்பு, காணாமல்போன பிள்ளை, செத்துப்போன பெரியவர், எல்லாம் இந்த வாயால்தான் ஊருக்குப் போயிருக்கிறது. வருகிற டிசம்பரில் பஞ்சாயத்துத் தேர்தல். இப்போதே நாலு பேர் வந்து சொல்லி வைத்துவிட்டார்கள். எல்லாருக்கும் சரி என்று சொல்லியிருக்கிறேன்.

நீ சொன்ன அரை மணி நேர வேலையை நான் டாக்டர் நந்தனாவிடமே போய்க் கேட்டேன். எனக்கு ஆசை இல்லை என்று சொல்லமாட்டேன். அவள் கோபப்படவில்லை, ஒரு காகிதத்தில் படம் போட்டாள். காதுக்குக் கீழே எலும்பிலிருந்து ஒரு நரம்பு வருகிறது, சுரப்பிக்குள் ஐந்து கிளையாகப் பிரிகிறது. ஒன்று நெற்றிக்கு, ஒன்று கண்ணுக்கு, ஒன்று கன்னத்துக்கு, கடைசி இரண்டும் உதட்டுக்கும் கழுத்துக்கும். கட்டி அதன் மேல்தான் இருக்கிறது. கட்டியை மட்டும் தோண்டினால் அதன் உறை கிழியும், உள்ளே இருப்பது சிந்தும். பத்து வருஷம் கழித்து ஒன்றுக்குப் பதில் பத்தாக மணி மணியாக முளைக்கும். அன்றைக்கு நரம்பைக் காப்பாற்ற யாராலும் ஆகாது. அவள் செய்யப்போவது வேறு. முதலில் நரம்பைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள், அதை ஒதுக்கி வைத்துக்கொண்டு, சுற்றியிருக்கும் சதையோடு சேர்த்துக் கட்டியை எடுக்கிறாள். மூன்று மணி நேரம் ஆகும். நூல் அளவு ஆழம் கூடினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரிந்ததைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நாலில் ஒருவருக்குக் கொஞ்ச காலம் உதடு தளரும், பெரும்பாலும் திரும்பி வந்துவிடும், வராமலும் போகலாம் என்றாள். "வரும்ணு எழுதித் தரமுடியுமா பிள்ளே?" என்று கேட்டேன். "முடியாது மாமி" என்றாள். முடியும் என்று சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

ஆம், பஸ்ஸில் பேசாமல்தான் வந்தேன். ப, ம இரண்டும் உதடு ஒட்டாமல் வருமா என்று வாய்க்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வராது.

போதாதா என்று கேட்டாயே, அதைத்தான் நீ அன்றைக்கும் கேட்டாய். அம்மா செத்ததை நான் விளித்துச் சொல்லிக்கொண்டு போகிறேன் என்றபோது, பெண்பிள்ளை அதுவும் பெற்ற மகள் தெருவில் போய்க் கத்துவதா, நாலு பேர் என்ன சொல்லுவார்கள் என்று ஜீப்பின் சாவியைப் பிடுங்கினாய். பொன்னையனைக் கூப்பிட்டாய். அவன் மரச்சீனிக் கிழங்கு விற்கிற தொண்டையில் நம் அம்மா போனதைச் சொல்லிவிட்டுப் போனான். ஊரில் எவன் எவனுக்கோ நான் சொன்னேன். என் அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. உன் வாயில் இனி மைக் என்ற சொல் வரக்கூடாது.

ஆகஸ்ட் 20 தேதி. நீ வரவேண்டாம்.

ஓமனக்குட்டி

*

மெடிக்கல் காலேஜ், பெண்கள் வார்டு வாசல்
19.8.2025, மாலை 5 மணி

அக்காவுக்கு,

நீதுவிடம் இந்தச் சீட்டைக் கொடுத்து உள்ளே அனுப்புகிறேன். நான் வெளியே பெஞ்சில் இருக்கிறேன். வரவேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். பதில் எழுதினால் மறுபடியும் வேண்டாம் என்பீர்கள், அதனால் எழுதாமல் வந்துவிட்டேன். ஆண்களை உள்ளே விடமாட்டார்கள், நல்லதாகப் போயிற்று, உங்களுக்குப் பேசவேண்டிய கஷ்டம் இல்லை. ரத்தம் கொடுத்தாயிற்று. கையெழுத்துக்கு ஆள் வேண்டுமென்றால் கூப்பிடச் சொல்லுங்கள்.

சுந்தரன்

(அதே சீட்டின் பின்பக்கம்)

கையெழுத்தை நானே போட்டாயிற்று. என் வாய்க்கு நான் போட்டால் போதும். சாட்சிக்கு உன் அத்தான் போட்டார், போட்ட பேர் அவருக்கே புரியவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஏதாவது தின்னக் கொடு.

நாளைக் காலை ஏழரைக்குக் கொண்டுபோகிறார்கள். அதுவரை உதடு முழுசாக இருக்கும். அதை யாரிடம் செலவழிப்பது என்று யோசித்தேன். உனக்கு இல்லை.

ஓமனக்குட்டி

*

வார்டு வாசல்
20.8.2025, காலை 8 மணி

அக்காவுக்கு,

நீங்கள் இப்போது தியேட்டருக்குள். இதைப் பிறகு படிப்பீர்கள்.

காலை ஆறரைக்குச் சாயா வந்தபோது நான் படிக்கட்டில் இருந்தேன். உள்ளேயிருந்து உங்கள் சத்தம். மைக் இல்லாமல் மாடி முழுக்கக் கேட்டது. அன்பும் பண்பும் நிறைந்த வார்டுப் பெருமக்களே என்று தொடங்கி, மூன்றாம் கட்டில் தங்கம்மைக்கு இன்று தையல் பிரிப்பதையும், ஒன்பதாம் கட்டில் பாட்டிக்கு மருமகள் கஞ்சி கொண்டுவராததையும், குளிமுறியில் தண்ணீர் நின்றுபோனதையும் தமிழில் ஒருக்கா, மலையாளத்தில் ஒருக்கா சொன்னீர்கள். கடைசியில் "பதினொன்றாம் கட்டில் ஓமனக்குட்டி, பப்பாளியும் பலாப்பழமும் பாயசமும் மாம்பழப் புளிசேரியும் சொல்லிவிட்டுப் புறப்படுகிறாள்" என்றீர்கள். ஒரு ப கூடத் தப்பவில்லை. நர்ஸ் திட்டியதும் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

எனக்கு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆனாலும் நான் கேட்டுவிட்டேன். மன்னிக்கவேண்டும்.

சுந்தரன்

*

ஆரியங்கோடு
2.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? தையல் பிரித்துவிட்டதாக நீது சொன்னாள். ஓணம் வருகிறது. ஒரு குலை ஏத்தன் வாழைப்பழமும் உப்பேரி வறுவலும் அத்தானிடம் கொடுத்துவிட்டுப் போனது நான்தான். வியாழக்கிழமை வந்தேன். நீங்கள் உள்முறிக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். அத்தான் சாயா போட்டுத் தந்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

விஜயம்மா வந்தாலும் முந்தானையால் வாயை மறைத்துக்கொள்கிறீர்களாம். பேசுவதே இல்லையாம். அத்தானிடம்கூடச் சைகைதானாம். ஒரு வரி எழுதுங்கள்.

சுந்தரன்

*

ஆரியங்கோடு
20.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். வெட்டியெடுத்த கட்டியின் ரிசல்ட்டை நீதுதான் போய் வாங்கினாள். உறை கிழியாமல் முழுசாக வந்திருக்கிறதாம், சுற்றிலும் சுத்தமாம், புற்று இல்லை. நரம்பு அறுபடவில்லை, இழுபட்டதால் சோர்ந்திருக்கிறது, சில மாதத்தில் தெளியும் என்று டாக்டர் நந்தனா சொன்னாராம். நீங்கள் இரண்டு தடவை போகவேண்டிய நாளில் போகவில்லை என்றும் சொன்னாராம். கண்ணாடி முன்னால் செய்யச் சொன்ன பயிற்சியையும் செய்வதில்லை என்று அத்தான் சொல்கிறார். கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிட்டீர்களாமே.

நீங்கள் பதில் எழுதவில்லை. நான் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு, அதை எழுதுகிறேன். அன்றைக்கு நாலு பேர் என்ன சொல்லுவார்கள் என்று நான் சொன்னது பொய். நாலு பேரைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. சின்ன வயசிலிருந்தே ஊரில் எது நடந்தாலும் நீங்கள் வந்து சொன்னால்தான் எனக்கு அது நடந்தது. அப்பா விழுந்ததையும் பள்ளிக்கூடத்துக்கு நீங்கள்தான் வந்து சொன்னீர்கள். அம்மாவைக் கிடத்தியிருக்கிறது, நான் அதைப் பார்த்துக்கொண்டும் நம்பாமல் நிற்கிறேன். நீங்கள் ஜீப்பில் ஏறி அதைச் சத்தமாகச் சொன்னால் அம்மா செத்தது உறுதியாகிவிடும். அதைக் கேட்க என்னால் முடியவில்லை. வேறு யார் சொன்னாலும் பரவாயில்லை என்று இருந்தது. அதனால்தான் சாவியைப் பிடுங்கினேன். உங்களுக்கு உரியதை எடுத்து இன்னொருவனுக்குக் கொடுத்தேன். தப்பு என்னுடையது.

சுந்தரன்

*

காரோடு
11.10.2025

சுந்தரா,

இங்கே சுகம் பாதி, சுகக்கேடு பாதி. உன் வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கட்டும்.

உன் கடிதத்தைப் படித்து இருபது நாள் ஆயிற்று. முதல் வாரம் கிழித்துப்போடலாம் என்று வைத்திருந்தேன். இரண்டாம் வாரம் அழுதேன், எழுதுவதற்கென்ன, அழுதேன். உனக்காக இல்லை, அம்மாவுக்காக. நாலு வருஷம் கோபத்திலேயே இருந்ததால் அந்த வேலை பாக்கி கிடந்தது.

ஆனால் மன்னிப்பை நான் தபாலில் வாங்கமாட்டேன். நாலு பேர் முன்னால் செய்ததை நாலு பேர் முன்னால்தான் திருத்தவேண்டும்.

இனி என் வாயைப் பற்றி. காதுமடல் மரத்துப்போயிருக்கிறது, கம்மல் போட்டால் யாருக்கோ போட்ட மாதிரி இருக்கிறது. அது போகட்டும். கீழுதட்டின் வலது மூலை சொன்ன பேச்சு கேட்கவில்லை. சிரித்தால் ஒரு பக்கம்தான் சிரிக்கிறது. ப என்று சொன்னால் காற்று அந்த மூலை வழியாகப் போய்விடுகிறது. சாயா குடித்தால் உதட்டோரமாக நாடியில் வழிகிறது. உன் அத்தான் பார்க்காத மாதிரி துண்டை எடுத்துத் தருகிறார். அந்தப் பார்க்காத மாதிரிதான் எனக்குப் பொறுக்கவில்லை. விஜயம்மா "பாவம்" என்கிறாள். நீதுகூட நான் பேசினால் மெல்லத் தலையாட்டுகிறாள், பிள்ளைகளிடம் ஆட்டுவது போல.

கண்ணாடித் துணியை நேற்று எடுத்துவிட்டேன். டாக்டரிடமும் போனேன். நந்தனா என்னைத் திட்டினாள், எனக்கு அது நன்றாக இருந்தது. பயிற்சிக்குக் கண்ணாடி மட்டும் போதாது, ஆள் முன்னால் பேசுங்கள் என்றாள். யாரிடம் பேசுவது? வேண்டியவர்கள் எல்லாரும் பாவம் பார்க்கிறார்கள். யோசித்தேன். இந்த வட்டாரத்தில் நான் கூச்சப்பட வேண்டாத, என் வாய் நன்றாக இருந்தாலும் கோணினாலும் என் கோபத்துக்குப் பயப்படுகிற ஆள் நீ ஒருத்தன்தான்.

நல்ல சத்தத்தை வார்டுக்குக் கொடுத்துவிட்டேன். கெட்டுப்போன சத்தம் உனக்கு.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஃபோனில் கூப்பிடுவேன். ப்ளாக்கை எடுத்துவிட்டேன். தினமும் பத்து நிமிஷம். நான் சொல்லுவேன், நீ கேட்கவேண்டும், புரியாததைப் புரியவில்லை என்று சொல்லவேண்டும். சிரித்தால் வைத்துவிடுவேன். சிரிப்பு வந்தும் அடக்கினால் அது பாவம் பார்ப்பது, அப்போதும் வைத்துவிடுவேன். சமாதானம் ஆகிவிட்டது என்று யாரிடமும் சொல்லாதே. ஆகவில்லை.

ஓமனக்குட்டி

*

ஆரியங்கோடு
14.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீங்களும் சுகம் என்று இன்று காலை காதால் கேட்டேன். நாலு வருஷத்துக்குப் பிறகு.

நீங்கள் ஃபோனை வைத்துவிட்டதால் எழுதவேண்டியிருக்கிறது. பப்பாளிக்கு நான் சிரிக்கவில்லை. பப்பாளி புரிந்தது. பாறசாலை பாதிதான் புரிந்தது. "எலே, கேக்குதா இல்லியா, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று, வாய் கோணியிருக்கிற நீங்கள் என்னைக் கேட்டீர்களே, அதற்குத்தான் சிரித்தேன். அது யாருக்கானாலும் சிரிப்பு வரும். நாளை ஏழு மணிக்கு ஃபோன் பக்கத்தில் இருப்பேன். ரப்பர் வெட்டை அதற்கு முன்னால் முடித்துவிடுவேன்.

உங்கள் தம்பி
சுந்தரன்

*

காரோடு
1.12.2025

சுந்தரா,

நானும் உன் அத்தானும் சுகம். நேற்று அலைந்ததில் அவருக்குக் கொஞ்சம் இடுப்பு நடுவலி. உனக்கு உடம்பு தேறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒன்றரை மாதமாகத் தினமும் பேசுகிறவள் எதற்கு எழுதுகிறாள் என்று கேட்பாய். நேற்று உன் ஊரில் நடந்தது உனக்கே சரியாக நினைவிருக்காது. நீ இருந்த நிலை அப்படி. அதனால் எழுதி வைக்கிறேன், எடுத்துப் படித்துக்கொள்.

காலையில் ஆரியங்கோட்டு வேட்பாளர் சத்யபாமாவின் ஆட்கள் ஒரு பென்டிரைவோடு வந்தார்கள். போன தேர்தலில் நான் பேசியது அதில் இருக்கிறதாம். "அக்கா சும்மா இருங்கோ, உங்க பழைய சவுண்டு போடுவோம், பேரை மட்டும் மாத்திக்கிடலாம்" என்றான் நிஜின் என்கிற பயல். நான் சொன்னேன்: "அது அஞ்சு வருஷம் முன்னே உள்ளவளுக்க சத்தமாக்கும். அவளுக்குக் கட்டியும் இல்லை, தையலும் இல்லை. அவதான் வேணும்னா தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்கோ. நான்தான் வேணும்னா எனக்க கையில மைக்கைத் தாங்கோ." தந்தார்கள்.

உதடு காலையில் முக்கால் பங்கு சொன்னபடி கேட்கும், மத்தியானம் தாண்டினால் சோர்ந்துவிடும். உன் சந்திக்கு வந்தபோது மணி மூன்றரை. பஞ்சாயத்து என்று சொன்னால் பஞ்சும் வரவில்லை, ஆயத்தும் வரவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்ற நாலு பயல்கள் என்னைப் போலவே வாயைக் கோணிச் சொல்லிக் காட்டினார்கள். உன் அத்தான் முகம் சிவந்து வண்டியை வேகமாக எடுக்கப்போனார். நிறுத்தச் சொன்னேன். மைக்கில்தான் சொன்னேன்: "மக்கா, நல்லா சொல்லுதியே. இஞ்ச வா, மைக்கில சொல்லு. இது வெட்டித் தைச்ச வாயாக்கும். நான் சொல்லியது புரியல்லைன்னா கேளு, ஒருக்கா கூடச் சொல்லுதேன். புரிஞ்சா கேட்டுட்டு நில்லு." நின்றார்கள். நான் பஞ்சாயத்தை மறுபடி சொன்னேன். மூன்றாம் தடவை முழுசாக வந்தது.

அப்போதுதான் நீ கூட்டத்திலிருந்து வந்தாய். ரப்பர் பால் காய்ந்த சட்டையோடு, செருப்புகூட இல்லாமல். ஜீப்பின் பக்கத்தில் வந்து கையை நீட்டினாய். சாவியைத்தான் கேட்கிறாய் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், மறைக்காமல் சொல்லுகிறேன். நீ மைக்கைக் கேட்டாய்.

நீ சொன்னது இதுதான். "நாட்டுகாரே, இது எனக்க அக்காவாக்கும். எங்க அம்மா செத்த அன்னைக்கு விளிச்சுச் சொல்ல வேண்டியது இவளாக்கும். நான் மறிச்சேன். நான் செய்தது தப்பு." அதற்குப் பிறகு அழுகை வந்து உன்னால் முடியவில்லை, உன் அத்தான் இறங்கிவந்து உன்னைப் பிடித்துக்கொண்டார். சத்யபாமா ஓட்டுக் கேட்க வந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. என் உதட்டைப் பார்த்திருப்பாய், இரண்டு பக்கமும் நடுங்கியது. நடுங்குவதற்கும் நரம்பு வேண்டும்.

டாக்டரிடம் ஒன்று கேட்கவேண்டும் என்று இருந்தேன், நேற்று சோறு உண்ணும்போதும் வந்தது. மீன்குழம்பை வாயில் வைத்தால் வலது கன்னம் வேர்க்கிறது. உமிழ்நீருக்குப் போகவேண்டிய நரம்பு வழிதவறி வேர்வைக்குப் போய்ச் சேர்ந்திருக்குமாம், சிலருக்கு அப்படி ஆகும் என்று நீது சொன்னாள். வேர்த்தால் வேர்க்கட்டும், துடைத்துக்கொண்டு தின்பேன்.

இனி காரியத்துக்கு வருகிறேன். நீ மைக்கை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாய். வாயோடு ஒட்டிப் பிடிக்கவேண்டும். பஸ் ஸ்டாப்பைத் தாண்டி ஒருத்தருக்கும் கேட்டிருக்காது. அதுவும் போக, அம்மா செத்தது ஆரியங்கோட்டில் இல்லை, காரோட்டில். அன்றைக்கு முற்றத்தில் நின்றவர்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள். நீ சொன்னதை அவர்கள் கேட்கவேண்டும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இங்கே சந்தையிலிருந்து ஜீப் புறப்படும். முதல் கால் மணி நேரம் தேர்தல் கிடையாது, சத்யபாமாவுக்கும் இல்லை, வேறு யாருக்கும் இல்லை. நாலு வருஷம் பிந்திப்போனாலும் நம் அம்மா சரசம்மா போன சேதியை நான் இந்தத் தெருவெல்லாம் என் வாயால் சொல்லப்போகிறேன். ப, ம எப்படி வந்தாலும் சரி. நீ என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டும். கேட்டு முடித்த பிறகு நீ சொல்லவேண்டியதைச் சொல்.

ஒன்பதரைக்கே வந்துவிடு.

உன் அக்கா
ஓமனக்குட்டி